புதிதாக வருபவர்கள் ஒன்றிலிருந்துதான்

டீக் கோப்பையை வரைபடத்தின் மேல் வைக்கக் கூடாது என்பதுதான் எங்கள் மேசையின் முதல் விதி. கண்டக்டர் ஒருமுறை மறந்து வைத்துவிட்டார். கறை வட்டமாக விழுந்தது. ரப்பரால் தேய்த்துப் பார்த்தோம், போகவில்லை. சரி, அங்கே ஒரு ஏரி இருக்கட்டும் என்று நான் சொல்லிவிட்டேன். அதற்குப் பிறகு அந்த ஏரியில் மீன் பிடித்திருக்கிறோம், படகு கவிழ்ந்திருக்கிறது, ஒரு அரக்கன்கூட மூழ்கிப் போனான். ஒரு தவறு நடந்துவிட்டால் அதை உலகத்தின் பகுதியாக ஆக்கிக்கொள்வது எங்கள் வழக்கம்.

இதையெல்லாம் எதற்குச் சொல்கிறாள் என்று பார்க்கிறீர்கள். மேசையைப் பற்றிச் சொல்லாமல் குளியலறையைப் பற்றி மட்டும் சொன்னால் உங்களுக்கு விளங்காது. நீங்கள் நிதானமாகவே எழுதிக்கொள்ளுங்கள். எனக்கு இன்று வேறு வேலை இல்லை.

நான் படங்களுக்குச் சட்டம் போடும் கடை வைத்திருக்கிறேன். கடைக்கு மேலே ஒரு அறை. கண்ணாடி வெட்டும் பெரிய மேசை அங்கேதான் இருக்கிறது. வார நாட்களில் அதில் கண்ணாடி வெட்டுவேன். ஞாயிற்றுக்கிழமை மதியம் தூசியைத் துடைத்துவிட்டு வரைபடத்தை விரிப்பேன். ஆட்டம் சுலபமானது. ஒவ்வொருவருக்கும் ஒரு பாத்திரம், அதன் பலமும் பலவீனமும் எழுதிய ஒரு சீட்டு. என் தங்கைக்கு வேட்டைக்காரி. அவள் வீட்டுக்காரருக்குக் கொல்லன். பல் டாக்டருக்கு மந்திரவாதி. கண்டக்டருக்குத் திருடன், சில்லறை தராமல் பழகின கை என்று டாக்டர் கேலி செய்வார். எனக்குப் பாத்திரம் கிடையாது. ஆட்டத்தை நடத்துகிறவள் நான். காடு நான், மழை நான், கதவுக்குப் பின்னால் காத்திருப்பது நான். தாங்கள் என்ன செய்கிறோம் என்று அவர்கள் சொல்வார்கள். அதனால் என்ன நடக்கிறது என்று நான் சொல்வேன். எப்படியும் நடக்கலாம் என்ற இடத்தில் இருபது முகம் கொண்ட பகடையை உருட்டுவோம்.

எல்லோரும் ஒன்றாம் லெவலில்தான் தொடங்கினார்கள். ஒன்றாம் லெவல் என்றால் ஒரு நரி கடித்தாலே உயிர் போய்விடும். பிழைத்து வந்தால் இரண்டு. இப்படியே ஏற வேண்டும். எங்கள் ஆட்கள் ஒன்பதாம் லெவலுக்கு வர வருடங்கள் ஆயின. அதற்குள் தங்கைக்குக் கல்யாணம் ஆனது, குழந்தை பிறந்தது, குழந்தை மேசைக்கடியில் விழுகிற பகடைகளைப் பொறுக்கித் தருகிற அளவுக்கு வளர்ந்தது.

ஒரு பாத்திரம் செத்துப்போனால் அந்த ஆட்டக்காரர் புதிதாக ஒன்றைக் கொண்டுவரலாம். புதியது எந்த லெவலில் தொடங்க வேண்டும் என்பதில்தான் இந்த ஆட்டம் ஆடுகிறவர்கள் எல்லோரும் அடித்துக்கொள்வார்கள். சில மேசைகளில் மற்றவர்களுக்குச் சமமாக வரலாம். சில மேசைகளில் ஒரு படி குறைத்து வரலாம். எங்கள் மேசையில் ஒன்று. யாராக இருந்தாலும் ஒன்று. சமமாக வரலாம் என்றால் செத்தவருக்கு என்ன மரியாதை. அவர் ஏறி வந்த படிகள் எல்லாம் வெறும் எண்ணிக்கை என்று ஆகிவிடாதா. நான் இதைக் கோபமாகச் சொன்னதே இல்லை. கேட்டவர்களும் நியாயம்தான் என்றே சொன்னார்கள்.

இன்னும் இரண்டு விதிகள் உண்டு. பாத்திரம் சாகும்போது அதற்குத் தெரிந்ததும் அதோடு போய்விடும். அந்தப் பாத்திரம் தனியாகக் கண்டுபிடித்ததை நாங்கள் எல்லோரும் மேசையில் உட்கார்ந்து கேட்டிருப்போம். ஆனாலும் நம் காதில் விழுந்தது நம் பாத்திரத்தின் காதில் விழுந்ததாக ஆகாது. ஆகவே புதிதாக வந்தவருக்கு யாரும் எடுத்துக் கொடுக்கக் கூடாது. அடுத்தது, கேட்டால் சொல்வேன், கேட்காததைச் சொல்ல மாட்டேன். தரையில் பள்ளம் இருக்கிறதா என்று கேட்டால் மறைப்புக்குப் பின்னால் பகடை உருட்டுவேன். நல்ல எண் விழுந்தால் பள்ளம் இருக்கிறது என்பேன். மோசமாக விழுந்தால் உன் கண்ணுக்கு ஒன்றும் தென்படவில்லை என்பேன். லெவல் கூடக் கூடப் பள்ளம் கண்ணில் படுவது சுலபம்.

மறைப்பு என்பது ஒரு தடித்த அட்டை. படங்களுக்கு உள்சட்டம் வெட்டுகிற அட்டையில் நானே மடித்துச் செய்தேன். அதற்குப் பின்னால் விழுகிற எண்ணை என்னைத் தவிர யாரும் பார்க்க முடியாது.

இங்கே ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். வேட்டைக்காரி பலமுறை செத்திருக்க வேண்டியவள். ஓநாய்க் கூட்டத்தில், பனிப்பாறை இடுக்கில், அந்த ஏரியில்கூட. அவளுக்கான பகடையை நான் மறைப்புக்குப் பின்னால்தான் உருட்டுவேன், உருட்டிவிட்டுப் பார்க்க மாட்டேன். "பொழச்சிட்ட" என்பேன். தங்கை மூச்சை விட்டுவிட்டுச் சிரிப்பாள். அம்மா போன பிறகு அவளை வளர்த்தவள் நான். பள்ளிக்கூடத்துக்குத் தலை பின்னி விட்டது, காய்ச்சலில் மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தது எல்லாம் நான். ஒரு பகடை என்னைக் கேட்காமல் அவளைக் கொண்டுபோக முடியாது என்று நினைத்திருந்தேன்.

பிறகு அவளுக்கு நிஜமாகவே உடம்புக்கு வந்தது. ரத்தத்தில் கோளாறு என்றார்கள். ஆஸ்பத்திரியில் ஒவ்வொரு முடிவையும் நேராக நம் கையில் கொடுத்துவிடுகிறார்கள். நடுவில் நிறுத்த அங்கே என்னிடம் மறைப்பு எதுவும் இல்லை.

கடைசி வாரம் அவள் என்னைக் கேட்டாள். "என் வேட்டைக்காரிய என்னக்கா பண்ணப் போற?"

"சத்திரத்துல மாடி ரூம்ல தூங்கட்டும். நீ வந்து எழுப்பு" என்றேன்.

"வேற யார்கிட்டயும் குடுத்துடாத."

"நான் யாருக்குடி குடுக்கப் போறேன்."

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். தூங்கிவிட்டாள் என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் கழித்து, "கீழ குதிரைக்குத் தீனி வைக்கச் சொல்லு" என்றாள். நாங்கள் பேசிய கடைசிப் பேச்சு அதுதான். ஒரு இல்லாத குதிரையைப் பற்றி.

அவள் போன பிறகும் ஞாயிற்றுக்கிழமைகளில் கூடினோம். அவள் நாற்காலியில் யாரும் உட்காரவில்லை. டாக்டர் தன் பையைக்கூட அதன் மேல் வைக்க மாட்டார். ஆட்டத்தில் எப்போதாவது சத்திரத்தைக் கடந்து போகும்போது, மாடி அறையில் விளக்கு எரிகிறதா என்று கண்டக்டர் கேட்பார். எரிகிறது என்பேன்.

வருடம் திரும்புவதற்குள் தங்கை வீட்டுக்காரர் இன்னொரு கல்யாணம் செய்துகொண்டார். அதில் எனக்கு மனத்தாங்கல் இல்லை. குழந்தை இருக்கிறது, அவருக்கு மில்லில் வேலை, வீட்டில் எந்தச் சாமான் எங்கே இருக்கிறது என்றே தெரியாத மனிதர். பெண் பார்க்க நானும் கூடப் போனேன். அவள் மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். கண் பரிசோதிக்கும்போது கண்ணாடியை மாற்றி மாற்றி வைத்து, "இது தெளிவா இருக்கா, இது தெளிவா இருக்கா" என்று கேட்பார்களே, அந்த வேலை. நாள் முழுக்கக் கேட்பதே தொழில். குரல் மெதுவானது. நல்ல பெண் என்று நானே சொன்னேன். இப்போதும் சொல்கிறேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் அவளையும் மேலே அழைத்துக்கொண்டு வந்தார். வேறு நாற்காலி இல்லாததால் அவள் அந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். அவளுக்குத் தெரியாது. தெரிந்தவர்கள் யாரும் வாயைத் திறக்கவில்லை.

"அக்கா, இவளும் விளையாடட்டுமே" என்றார் அவர். "வேட்டைக்காரி சும்மாதான படுத்திருக்கா. அந்தச் சீட்டையே இவளுக்குக் குடுத்துட்டா என்ன?"

அவர் அதைக் கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. மனைவியைச் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்ற ஆசை. நான் பென்சிலைச் சீவிக்கொண்டிருந்தேன். சீவி முடித்துவிட்டுச் சொன்னேன்.

"அது அவளோடது, தம்பி. இவங்க புதுசா ஒண்ணு ஆரம்பிக்கட்டும். ஒண்ணாம் லெவல்ல."

டாக்டர் தொண்டையைச் செருமினார். "நாம எல்லாம் ஒம்போதுல இருக்கோம்மா. நமக்குன்னு வர்ற பூதம் தும்மினாலே இவங்க காலி. ஒரு ஏழு, எட்டுன்னு குடுத்தா என்ன?"

"நீங்க எதுல ஆரம்பிச்சீங்க டாக்டர்?"

"நான் ஆரம்பிச்சப்ப எல்லாருமே ஒண்ணுதானே. கூட்டத்தோட கூட்டமா விழுந்து எழுந்தேன்."

"விதி விதிதான்" என்றேன்.

"பரவால்ல சார்" என்று அவளே சொன்னாள். "ஒண்ணுலயே வரேன். எனக்கு இன்னும் எதுவுமே தெரியாது, அதுதான் சரி."

அவள் வாளோ வில்லோ கேட்கவில்லை. கையில் லாந்தர் பிடித்துக்கொண்டு மற்றவர்களுக்கு முன்னால் நடக்கிற ஒரு பெண்ணைத் தன் பாத்திரமாக எழுதினாள். "என் திருடன் இருட்டுல பொழைக்கிறவன்மா" என்றார் கண்டக்டர். "நீ வெளிச்சம் புடிச்சா என் பொழப்புல மண்ணு." எல்லோரும் சிரித்தார்கள். அன்றிலிருந்து அவளுக்கு லாந்தர் என்றே பேர் ஆகிவிட்டது. வீட்டிலும் அவர் அப்படித்தான் கூப்பிடுவார் என்று கேள்விப்பட்டேன்.

லாந்தர் நன்றாக ஆடினாள். அவள் பலம் கேள்விதான். கதவைத் தொடுவதற்கு முன்னால் கைப்பிடி சூடாக இருக்கிறதா என்று கேட்பாள். தரை ஈரமா, காற்று எந்தப் பக்கம் வருகிறது, இங்கே பறவைச் சத்தம் கேட்கிறதா. பூதங்கள் தும்மினாலும் அவள் தூணுக்குப் பின்னால் நின்று பிழைத்தாள். இரண்டானாள், மூன்றானாள். கண்டக்டர் ஒவ்வொரு முறையும் கை தட்டினார்.

பிறகு தொங்குபாலம் வந்தது. அந்தப் பாலத்தை முன்பு வேட்டைக்காரி மட்டும் தனியாகக் கடந்திருக்கிறாள். நடுவில் ஒரு பலகை இற்றுப்போனது என்று அவள் கண்டுபிடித்திருந்தாள், ஆட்டத்துக்குள் யாரிடமும் சொன்னதில்லை. மேசையில் இருந்த நாங்கள் எல்லோரும் கேட்டிருந்தோம். லாந்தர் அன்று உற்சாகத்தில் இருந்தாள். பின்னால் துரத்தி வருகிறார்கள். "நான் முன்னாடி ஓடறேன், வெளிச்சம் காட்டறேன்" என்றாள். எதுவும் கேட்கவில்லை.

டாக்டர், "அந்தப் பலகை..." என்று ஆரம்பித்தார்.

"டாக்டர்" என்றேன்.

அவர் நிறுத்திக்கொண்டார். தங்கை வீட்டுக்காரர் தன் கைகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவருக்கும் பலகை ஞாபகம் இருந்தது. விதியை மதித்தார். லாந்தருக்கான பகடையை நான் மறைப்பை நகர்த்திவிட்டு, எல்லோரும் பார்க்கும்படி உருட்டினேன். மூன்று விழுந்தது. லாந்தர் பலகையோடு கீழே போனாள்.

அவள் அழவில்லை. கொஞ்ச நேரம் அந்தச் சீட்டைப் பார்த்தாள். பிறகு கேட்டாள். "அக்கா, இவளுக்கு ஒரு தங்கச்சி இருந்தான்னு வெச்சுக்கலாமா? அந்தத் தங்கச்சி வந்து இதே லாந்தரை எடுத்துக்கறா."

"ஒண்ணுலேர்ந்து" என்றேன்.

"ஒண்ணுலேர்ந்துதான். ஆனா அக்காக்காரி தனக்குத் தெரிஞ்சதை எல்லாம் தங்கச்சிகிட்ட சொல்லியிருக்க மாட்டாளா?"

"மாட்டா" என்றேன். "செத்தவங்களுக்குத் தெரிஞ்சது அவங்களோட போயிடும்."

இப்போது வீட்டுக்கு வருகிறேன். நீங்கள் நேற்றிலிருந்து கேட்பது அதைத்தான்.

அந்த வீட்டுக்குத் தங்கையும் ஒன்றாம் லெவலில்தான் போனாள். மாமியார் உயிரோடு இருந்தவரை அலமாரிச் சாவி அவள் கைக்கு வரவில்லை. எந்த அடுப்பு சரியாக எரியாது, எந்தத் தண்ணீர்க் குழாயை இரண்டு சுற்றுக்கு மேல் திருகக் கூடாது, அவருக்குத் தலைவலி வருவதற்கு முன் எந்தப் புருவம் துடிக்கும் என்று ஒவ்வொன்றாகக் கற்றுக்கொண்டாள். குழந்தை முதல் முதலில் அம்மா என்று சொன்ன அன்று என் கடைக்கு ஓடி வந்து சொன்னாள். மூச்சு வாங்கியது. கண்ணாடி வெட்டிக்கொண்டிருந்தேன், கை தவறி அந்தக் கண்ணாடியே பாழானது. இரண்டு பேரும் சிரித்தோம்.

லாந்தருக்குச் சாவி முதல் நாளே வந்தது. அலமாரி, படுக்கை, சமையலறை, ஜன்னலோர நாற்காலி எல்லாம். மூன்றாம் மாதம், நான் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருக்கும்போது, உள்ளே குழந்தை அவளை அம்மா என்று கூப்பிட்டது. யாரும் சொல்லிக் கொடுத்துக் கூப்பிடவில்லை. ஒரு ரிப்பன் கேட்பதற்காக, சர்வ சாதாரணமாக. அவளும் சாதாரணமாக "இதோ" என்றாள்.

அவள் ஒன்பதில் தொடங்கியிருந்தாள். நான் அன்று கவனித்தது அவ்வளவுதான். கோபம் என்று எழுத வேண்டாம். ஒரு கணக்கு தப்பாக இருப்பதைப் பார்த்தால் எப்படி இருக்குமோ, அப்படி இருந்தது.

குளியலறையைச் சொல்கிறேன். அந்த வீட்டுக் குளியலறையில் காஸில் ஓடுகிற ஒரு கெய்சர் இருக்கிறது. அதன் புகைக்குழாய் சுவரைத் துளைத்து வெளியே போகும். பக்கத்து வீட்டுக்காரர் தன் சுவரை உயர்த்திக் கட்டியபோது குழாயின் வாய் அந்தச் சுவரோடு ஒட்டிக்கொண்டது. கெய்சர் பழுது பார்க்க வந்தவர் அதைக் காட்டினார். நானும் தங்கையும் அப்போது அங்கே நின்றிருந்தோம். "புகை வெளிய போகாது, ரூமுக்குள்ளயே நிக்கும். வாசனை இருக்காது, கண்ணுக்கும் தெரியாது. தலை சுத்தற மாதிரி இருக்கும், அதுக்குள்ள முடிஞ்சிரும். குழாயை மேல தூக்கி வெக்கிற வரைக்கும் ஜன்னலை மூடிட்டு மட்டும் இதைப் போடாதீங்க" என்றார். அவர்தான் ஸ்டேஷனில் உங்களிடம் வந்து, சொன்னேனே, ரெண்டு பொம்பளைங்க நின்னாங்களே என்று சொன்னவர். அவர் சொன்னது சரி. இரண்டு பேர் நின்றோம்.

வீட்டுச் சொந்தக்காரர் குழாயை மாற்றுகிறேன் மாற்றுகிறேன் என்று இழுத்தடித்தார். அந்த ஜன்னல் தானாகவே மூடிக்கொள்கிற ஜன்னல். ஆகவே நான் கடையில் மிஞ்சிய சட்டத்துண்டு ஒன்றை ஆப்பு மாதிரி சீவிக் கொண்டுபோய் அதன் இடுக்கில் செருகினேன். ஒரு பக்கம் தங்க நிறம் பூசிய கட்டை. "குளிக்கற எடத்துக்குத் தங்கத்துல ஆப்பா" என்று தங்கை கிண்டல் செய்தாள். அவள் வீட்டுக்காரரிடம் சொன்னாளோ இல்லையோ, அவர் காதில் விழுந்திருக்காது. அவர் மில்லிலேயே குளித்துவிட்டு வருகிறவர். அவள் படுத்த பிறகு சிலிண்டர் தீர்ந்தது, கெய்சரை யாரும் தொடவில்லை.

இரண்டாவது கல்யாணத்துக்காக வீட்டுக்கு வெள்ளையடித்தார்கள். வெள்ளையடித்தவர்கள் ஆப்பை எடுத்து எங்கேயோ போட்டுவிட்டார்கள். குளிர்காலம் வந்தபோது ஒரு நாள் நான் போனேன். அந்தக் கட்டை சமையலறைக் கதவுக்கு அண்டை கொடுத்து நின்றது. தங்க நிறம் மேல்பக்கம் தெரியும்படி, அழகாக. லாந்தர் எங்கேயோ தேடி எடுத்து வைத்திருக்கிறாள். கெய்சருக்குப் புது சிலிண்டர் வந்திருந்தது. குளியலறை ஜன்னல் மூடியிருந்தது. குளிர்காற்று வராமலிருக்க அவள் இடுக்கில் துணிகூடச் சுருட்டி வைத்திருந்தாள்.

நான் அந்தக் கட்டையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். டாக்டர் பலகையைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தபோது நான் தடுத்தது ஞாபகம் வந்தது. அவரைத் தடுத்தவள் நானே எப்படிச் சொல்வது என்று தோன்றியது. உங்களுக்கு இது பைத்தியக்காரத்தனமாகப் படலாம். ஒரு மேசையில் இத்தனை வருடம் உட்கார்ந்தவர்களுக்கு இது அவ்வளவு விநோதமில்லை. இற்ற பலகையைக் கண்டுபிடித்தவள் என் தங்கை. அந்த அறிவு அவள் சம்பாதித்தது. அவளுடைய சாவியை இவளுக்குக் கொடுத்தார்கள், நாற்காலியைக் கொடுத்தார்கள், அம்மா என்ற அந்த வார்த்தையையும் கொடுத்தார்கள். அவள் பெயரில் இந்த ஒன்றுதான் மிச்சமிருந்தது.

குழந்தையைப் பற்றிக் கேட்டீர்கள். ஆமாம், அந்த வாரத்திலிருந்துதான் நான் குழந்தையைக் குளிக்க என் வீட்டுக்கு அழைத்து வர ஆரம்பித்தேன். தலைமுடி அடர்த்தி, என்னிடம்தான் சிக்கெடுக்க ஒத்துக்கொள்கிறது என்று சொன்னேன். ஒரு நாளும் தவறவில்லை. மழை பெய்த அன்றும் குடை பிடித்துக்கொண்டு போனேன். லாந்தருக்கு அதில் அவ்வளவு நன்றி. "நீங்க இல்லைன்னா நான் திண்டாடிப் போயிருப்பேங்க்கா" என்றாள். நீங்கள் இதைக் கேட்டதும் உங்கள் பேனா நின்றுவிட்டது. எதற்காக என்று எனக்குப் புரிகிறது. குழந்தைக்கு ஆபத்து என்று தெரிந்தவளுக்கு மற்றவளுக்கும் ஆபத்து என்று தெரியும். ஆமாம். தெரியும்.

அன்று நான் குழந்தையின் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தேன். வெயில் நன்றாக இருந்தது. என் வீட்டு மாடிப்படியில் உட்கார்ந்து, ஈர முடியை விரலால் பிரித்துக்கொண்டிருந்தேன். பள்ளிக்கூடத்தில் கற்றுக்கொண்ட பாட்டு ஒன்றைக் குழந்தை பாதியில் மறந்து மறந்து பாடியது. போன் அடித்தது. தங்கை வீட்டுக்காரர். "கதவை உடைச்சோம்க்கா" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார். நான் துண்டை மடித்து வைத்துவிட்டு, குழந்தைக்கு முடி காய்கிற வரை உட்காரச் சொல்லிவிட்டு, கிளம்பினேன்.

அவள் முகம் நிம்மதியாக இருந்தது. கன்னம் சிவந்து, நல்ல ஆரோக்கியமான பெண் தூங்குவது போல இருந்தாள். அந்த வகைச் சாவில் அப்படித்தான் இருக்கும் என்று நீங்கள் சொன்னீர்கள். குளியலறைத் தரையில் ஒரு கை கதவை நோக்கி நீண்டிருந்தது. கூட்டம் வந்து போக வசதியாகச் சமையலறைக் கதவை யாரோ அகலத் திறந்து, என் கட்டையைத்தான் அதற்கு முட்டுக் கொடுத்திருந்தார்கள்.

எனக்கு அழுகை வந்தது. நடிப்பு என்று நீங்கள் நினைக்கலாம். அவளை எனக்குப் பிடிக்கும். அவள் கேள்விகளைப் பிடிக்கும். இனி ஞாயிற்றுக்கிழமை யார் காற்று எந்தப் பக்கம் வருகிறது என்று கேட்பார்கள். டாக்டர் அதற்குப் பிறகு வரவில்லை. கண்டக்டர் ஒருநாள் கடை வாசல் வரை வந்து, மேலே பார்த்துவிட்டு, உள்ளே வராமலே போய்விட்டார். குழந்தை இப்போது யாரையும் அம்மா என்று கூப்பிடுவதில்லை. என்னையும் எதுவும் சொல்லிக் கூப்பிடுவதில்லை. தலை சீவ நான் சீப்பை எடுத்தால் வந்து முதுகைக் காட்டி உட்காருகிறது, அவ்வளவுதான்.

இதுவரை நான் உங்களிடம் ஒரே பதிலைத்தான் சொல்லி வந்தேன். அவள் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்று. எதற்கெடுத்தாலும் கேள்வி கேட்கிற பெண், அந்த ஒன்றை மட்டும் கேட்கவில்லை, பாலத்தில் போலவே என்று. நீங்களும் எழுதிக்கொண்டீர்கள். மூன்று முறை எழுதிக்கொண்டீர்கள். அதை அடித்துவிடுங்கள்.

சிலிண்டர் வந்த அன்று, நான் அந்தக் கட்டையைப் பார்த்துக்கொண்டு நின்றேன் என்று சொன்னேன் அல்லவா, அவள் அப்போது எனக்கு டீ கொண்டுவந்தாள். கோப்பையை வைக்கப் போனவள் நிறுத்தி, "இங்க மேப்பு எதுவும் இல்லையே" என்று சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது. பிறகு என் எதிரில் உட்கார்ந்தாள்.

"அக்கா, ஒண்ணு கேக்கணும். இவர்கிட்ட கேட்டா எனக்கு என்ன தெரியும்ங்கறார். இந்த வீட்ல அவங்க எப்படியெல்லாம் பாத்து நடந்துக்கிட்டாங்கன்னு உங்களுக்குத்தான் தெரியும். கெய்சர் வேற இன்னைக்குத்தான் போட்டிருக்கு. நான் கவனமா இருக்க வேண்டியது ஏதாவது இருந்தா சொல்லுங்க."

கண்ணாடிக் கடையில் கேட்பது போலவே கேட்டாள். பதிலுக்காகக் காத்திருந்தாள். தங்கை உயிரோடு இருந்திருந்தால் ஒரு புதிய பெண்ணிடம் என்ன சொல்லியிருப்பாள் என்று எனக்குத் தெரியும். முதல் வாக்கியமே ஜன்னல்தான்.

யாராவது கேட்டால் பகடை உருட்டித்தான் பதில் சொல்ல வேண்டும். அது என் விதி. என் கைப்பையில் எப்போதும் ஒன்று கிடக்கும். கையை உள்ளே விட்டேன். சீப்புக்கும் சாவிக்கொத்துக்கும் நடுவில் அதைத் தேடி எடுத்து, பைக்குள்ளேயே உருட்டினேன். யாருக்கும் சாதகமில்லாமல், நேர்மையாகத்தான் உருட்டினேன்.

"இல்லம்மா, ஒண்ணும் இல்ல" என்றேன்.

என்ன விழுந்தது என்று நான் பார்க்கவில்லை.